குடியானவர்க்குப் பரிந்த புகாரின்

ஒரு நாட்டில் சந்தையைத் திறந்துவிடுவதற்கு ஓர் ஆணை போதும். இன்று திறந்த சந்தை நாளையும் திறந்திருக்கும் என்னும் நம்பிக்கையைக் குடிகள் உள்ளத்தில் நிலைபெறச் செய்வதற்கோ ஆணை மட்டும் போதாது. விதைப்பவன் அறுவடை வரையிலும், கடை வைப்பவன் போட்ட முதல் கைக்குத் திரும்பும் வரையிலும், இன்றுள்ள சட்டம் மாறாதென்று நம்பினாலன்றி முழுமனத்தோடு தொழிலில் இறங்கமாட்டான். அந்நம்பிக்கைக்குக் காவலாய் நிற்பது யாது? ஆள்வோரது நல்லெண்ணமோ, அன்றி ஆள்வோரையும் கட்டுப்படுத்தவல்ல வேறொன்றோ? இவ்வினாவைப் பொருள்நூல்களிற் படித்தறிவதினும், அதனாலேயே உயர்ந்து அதனாலேயே வீழ்ந்த ஒருவரது வாழ்க்கையிற் காண்பது தெளிவு தருமென்று எண்ணுகின்றோம். ஆதலின், ருஷியப் புரட்சித் தலைவருள் ஒருவராகிய புகாரின் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

நிக்கலாய் இவானோவிச் புகாரின் 1888-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 9-ஆம் நாள் மாஸ்கோ நகரிற் பிறந்தார். தாய் தந்தையர் இருவரும் உபாத்தியாயர்கள். சிறுவர் புகாரினுக்குப் பறவைகளிடத்தும் பட்டாம்பூச்சிகளிடத்தும் அளவிறந்த விருப்பமிருந்தது. உயிர்களைக் கூர்ந்து நோக்கும் இப்பழக்கம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. 1905-ஆம் ஆண்டு ருஷியாவெங்கும் எழுந்த கிளர்ச்சி பள்ளி மாணவரையும் பற்றியது. அடுத்த ஆண்டிலேயே, 18 வயது நிரம்புமுன், அவர் போல்ஷெவிக் கட்சியிற் சேர்ந்தார். பின்னர் மாஸ்கோ சர்வகலாசாலையிற் பொருளாதாரம் பயின்றார். ஆயின் வகுப்பறையிற் கழித்த காலத்தினும் இரகசியக் கூட்டங்களிற் கழித்த காலமே மிகுதி. சார் மன்னரின் போலீஸார் அவரைப் பலமுறை கைது செய்தனர். 1911-ஆம் ஆண்டு வடகோடியிலுள்ள ஒனேகா என்னும் ஊருக்கு நாடு கடத்தினர். அவ்விடத்தினின்று தப்பி அயல்நாடு சென்றார்.

அயல்நாடுகளில் அவர் திரிந்த ஆறாண்டுகளும் அவருக்குப் பெரியதோர் கல்விக்கூடமாயின. 1912-ஆம் ஆண்டு லெனினைக் கண்டு பழகினார். வியன்னா நகரிலே, மார்க்ஸின் பொருளாதாரக் கொள்கையை மறுத்தெழுதிய பேரறிஞர் போம்-பாவெர்க் நிகழ்த்திய விரிவுரைகளைத் தாமே சென்று கேட்டார். எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் ஆசிரியர் வாயிலாகவே கேட்டறிந்து, பின் அதனை மறுத்து நூல் எழுதினார். அதே நகருக்கு 1913-ஆம் ஆண்டு ஸ்டாலின் வந்திருந்தபோது, ஜெர்மன் மொழி நன்கறியாத அவருக்கு நூல்களைப் படித்துப் பொருள் சொல்லி உதவியவரும் இவரே. ஐரோப்பாவின் பல நாடுகளினின்று வெளியேற்றப்பட்டு, இறுதியில் நியூயார்க் நகரை அடைந்து அங்கே ஒரு ருஷியப் பத்திரிகையை நடத்தினார். 1917-ஆம் ஆண்டு சார் ஆட்சி வீழ்ந்த செய்தி கேட்டு, ஜப்பான் வழியாகத் தாய்நாடு மீண்டார்.

அவ்வாண்டின் இறுதியில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றியபோது புகாரினுக்கு வயது 29. கட்சியின் நாளிதழாகிய பிராவ்தாவின் பத்திராதிபராகி, இடையிற் சிறிது காலம் நீங்கலாக, 1929 வரை அப்பதவியில் இருந்தார். நண்பரிடத்துக் கபடமின்றிப் பழகும் இயல்பும், எளிய நடையில் எழுதும் ஆற்றலும் அவரைக் கட்சித் தொண்டர் அனைவர்க்கும் உகந்தவராக்கின. லெனின் தம் இறுதிக் காலத்தில் எழுதி வைத்த குறிப்பிலே, கட்சி முழுவதன் அன்பிற்கும் உரியவர் என்று இவரைக் குறித்திருந்தார். உடனே, இவரது தத்துவ அறிவிற் குறை கண்டும் எழுதியிருந்தார்.

பிற்காலத்திற் சந்தைக்காகப் பரிந்து பேசிய இவர், தொடக்கத்திற் சந்தையை அடியோடு ஒழிக்க வேண்டுமென்போர் அணியில் முன்னணியில் நின்றவர் என்பதை மறத்தலாகாது. 1918 முதல் 1921 வரை உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், போல்ஷெவிக் அரசாங்கம் குடியானவரிடமிருந்து தானியத்தை ஆயுதப் படை கொண்டு பறித்தது. தனியார் வியாபாரம் குற்றமாக்கப்பட்டது, நாணயம் மதிப்பிழந்தது, தொழிலாளர்க்குப் பங்கீட்டு உணவு அளக்கப்பட்டது. இதுவே புதியதோர் உலகின் வாயில் என்று நம்பிப் புகாரின் 1919-ஆம் ஆண்டு பிரியோபிராஷென்ஸ்கி என்னும் நண்பருடன் கூடிப் பொதுவுடைமைக்கு ஓர் அரிச்சுவடி எழுதினார். மறு ஆண்டில் எழுதிய நூலில், அரசாங்கத்தின் வற்புறுத்தலையே புதிய சமுதாயத்தை அமைக்கும் கருவியாகக் கொண்டார்.

விளைவு யாதாயிற்று? பறிபோகுமென்று தெரிந்தால் எவன் மிகுதியாக விதைப்பான்? குடியானவர் தம் குடும்பத்திற்கு வேண்டுமளவே விதைத்தனர். நகரங்கள் பட்டினி கிடந்தன. பெட்ரோகிராடு நகரின் மக்கள் தொகை மூன்றாண்டுகளில் மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. தாம்போவ் மாகாணத்திற் குடியானவர் கலகம் மூண்டது. 1921 மார்ச்சு மாதத்தில், புரட்சியின் தூண்கள் என்று புகழப்பட்ட கிரான்ஸ்டாட் கடற்படையினரே கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் வோல்கா ஆற்றுப் பகுதியிலும் பிறவிடங்களிலும் தோன்றிய பஞ்சத்தால் ஏறக்குறைய 50 இலட்சம் மக்கள் மாண்டனர்.

கிரான்ஸ்டாட் கலகம் அடங்குமுன்னரே கட்சியின் பத்தாவது மகாநாடு கூடிற்று. அம்மகாநாடு செய்த இரண்டு தீர்மானங்களையும் நம் மாணவ நண்பர்கள் ஒருங்கே வைத்து நோக்க வேண்டுகின்றோம். முதலாவது, தானியப் பறிப்பை நீக்கி, அளவறுத்த தானிய வரி ஒன்றை விதித்தது. வரி செலுத்தியபின் எஞ்சியதைக் குடியானவன் தன் விருப்பம்போல் விற்கலாம். இதுவே புதிய பொருளாதாரக் கொள்கையின் வித்து. இரண்டாவது, கட்சிக்குள்ளே தனிக்குழு அமைத்தலைத் தடை செய்தது; மீறுவோர் கட்சியினின்று நீக்கப்படுவர். அதாவது, பொருள் துறையிலே கட்டு ஒன்று தளர்ந்த அதே வாரத்தில் அரசியல் துறையிலே கட்டு ஒன்று இறுகிற்று. கையை அவிழ்த்து வாயைக் கட்டிய இச்செயலில் முரண்பாடு ஏதுமிருப்பதாக அன்று தலைவர் பலர்க்கும் தோன்றவில்லை. புகாரினுக்கும் தோன்றவில்லை.

கட்சிக்கு வெளியிலோ முன்னமே வாய்கள் கட்டப்பட்டிருந்தன. 1917-ஆம் ஆண்டின் இறுதியில் அரசியல் நிர்ணய சபைக்கு நடந்த தேர்தலில், குடியானவர் பெருவாரியாக வாக்களித்து மிகுந்த இடங்களை அளித்தது சோஷலிஸ்ட் புரட்சிக் கட்சிக்கே. 1922-ஆம் ஆண்டு அக்கட்சித் தலைவர்கள் மாஸ்கோவில் விசாரணைக்குட்படுத்தப்பட்டனர். ஆரவாரமும் ஆர்ப்பாட்டமும் சூழ நடந்த அவ்வழக்கில் அரசாங்கத்திற்குத் துணையாக நின்றவருட் புகாரினும் ஒருவர். நாட்டு மக்களுள் 100-க்கு 80 பேர் குடியானவர். அவர்க்கென்று பேச ஒரு கட்சியில்லை, ஒரு பத்திரிகையில்லை. இக்குறை யாருக்குப் பெருந்தீங்காய் முடிந்ததென்பதைப் பின்னர்க் காண்போம்.

புதிய கொள்கை பயிர்மேற் பெய்த மழைபோல் பயன் தந்தது. பெருந்தொழில்கள், பாங்குகள், இரயில்வே, அயல்நாட்டு வாணிகம் ஆகியவற்றை அரசாங்கம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. சிறு தொழிலும் சில்லறை வியாபாரமும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டன. ஓரிரண்டு ஆண்டுகளிற் சில்லறை வியாபாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தனியார் கைக்கு வந்தது. 1922-ஆம் ஆண்டு முதல் செர்வோனெத்ஸ் என்னும் பொன்னாதாரமுள்ள நாணயம் வழங்கலாயிற்று. 1924-க்குள் நாணயம் நிலைபெற்றது. வயல்கள் மீண்டும் விளைந்தன. நகர வீதிகளில் ரொட்டியும் இறைச்சியும் துணியும் காணப்பட்டன.

ஆயினும் இவ்வளவுக்கும் அடிப்படை உறுதியாயில்லை. 1918-ஆம் ஆண்டு வகுத்த அரசியற் சட்டத்தின்படி, வியாபாரம் செய்பவனுக்கும் கூலியாள் வைத்து இலாபம் அடைபவனுக்கும் வாக்குரிமையில்லை. கடை வைக்க அனுமதி உண்டு. கடைக்காரன் குடிமகனாக மதிக்கப்படுவதில்லை. அவன் பிள்ளைகளுக்குச் சர்வகலாசாலையில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. வரி எந்நாளும் உயரலாம். அவன்மேல் வழக்கு எந்நாளும் தொடரலாம். இந்நிலையிலுள்ளவன் பத்தாண்டு கழித்துப் பயன் தரும் தொழிலில் முதலிடுவானோ? கிடைத்த இலாபத்தை விரைந்து எடுத்து ஒளித்து வைப்பான். பின்னர் அவன் பேராசைக்காரன், பதுக்கல்காரன் என்று அதிகாரிகள் பழி கூறுவர். அச்சத்தால் விளைந்த குணத்தைப் பிறவிக்குணமாகக் கருதி ஒறுத்தது அவ்வாட்சியின் பெரும்பிழைகளில் ஒன்று.

1923-ஆம் ஆண்டு முதற் சோதனை வந்தது. அரசாங்கத் தொழிற்சாலைகள் போட்டியின்மையால் தம் பண்டங்களின் விலையை உயர்த்திக்கொண்டே சென்றன. தானிய விலையோ நல்ல விளைச்சலால் இறங்கிற்று. இவ்விரு விலைகளையும் கோடுகளாக வரைந்து காட்டிய டிராட்ஸ்கி, அவை கத்தரிக்கோலின் இரு அலகுகள்போல் அகன்று செல்வதைச் சுட்டினார். அவ்வாண்டு அக்டோபரில், போருக்கு முன்னிருந்த அளவை நோக்க, ஒரே அளவு தொழிற்பண்டத்தைப் பெறக் குடியானவன் ஏறக்குறைய மூன்று மடங்கு தானியம் கொடுக்க வேண்டியதாயிற்று. அவன் வாங்குவதை நிறுத்தினான். தொழிற்சாலைக் கிடங்குகளிற் பண்டங்கள் தேங்கின. அரசாங்கம் விலைகளைக் குறைத்துக் கத்தரிக்கோலை ஒருவாறு மூடியது.

இந்நிகழ்ச்சி புகாரினது சிந்தனையைக் கனியச் செய்தது. 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் லெனின் மறைந்தபின் அவர் கட்சியின் உயர்ந்த அதிகாரக் குழுவாகிய பொலிட்பீரோவின் முழு உறுப்பினரானார். அப்பொழுது பழைய நண்பராகிய பிரியோபிராஷென்ஸ்கி ஒரு கொள்கையை வெளியிட்டார். குடியேற்ற நாடுகள் இல்லாத சோவியத் அரசாங்கம், தொழில்களுக்கு வேண்டிய முதலைக் குடியானவரிடமிருந்தே, விலை வேற்றுமை வாயிலாகப் பெறவேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம். புகாரின் இதனைக் கடுமையாக மறுத்தார். குடியானவன் வறியவனாயின் ஆலையின் துணியை வாங்குவோர் யார்? அவன் கையிற் காசு புழங்கினால், கலப்பையும் துணியும் ஆணியும் வாங்குவான். அதனால் ஆலை வளரும். ஆலை வளர்ந்தால் அவனுக்கு மலிவான பண்டம் கிடைக்கும். வழி நெடியதாயினும், நடை மெல்லியதாயினும், ஒருவரையொருவர் வளர்க்கும் இவ்வழியே நிலைக்குமென்று அவர் வற்புறுத்தினார். குடியானவரைக் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகச் சிறிது சிறிதாகப் பொதுவுடைமைக்கு அழைத்துச் செல்லலாமென்றும் நம்பினார்.

1925-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் மாஸ்கோவில் நிகழ்த்திய பிரசங்கமொன்றில், குடியானவர் அனைவரும் அஞ்சாமற் செல்வத்தைப் பெருக்கிக்கொள்ளலாம் என்று வெளிப்படையாக அவர் கூறினார். அவ்வாண்டே நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கும் கூலியாள் வைப்பதற்கும் இருந்த தடைகள் தளர்த்தப்பட்டன. ஆயினும் அப்பிரசங்கத்தின் வாசகம் கட்சியிற் பெரும் புயலைக் கிளப்பிற்று. ஸ்டாலினும் அவ்வாசகத்தைத் தம் வாசகமாக ஏற்க மறுத்தார். புகாரின் அதனைத் திரும்பப் பெற வேண்டியவரானார். செல்வம் சேர்க்கலாம் என்று சட்டம் சொல்லுகின்றது. சேர்க்கலாம் என்று வாயாற் சொன்னவர் மன்னிப்புக் கேட்கின்றார். இதைக் கேட்ட சிற்றூர்க் குடியானவன் எதை நம்புவான்? இன்னொரு பசு வாங்கினால் நாளை நம்மைப் பணக்காரக் குலாக்கு என்பார்களோ என்று அஞ்சி, ஒரு பசுவோடு அமைந்தவர் பலர்.

கட்சிக்குள் நடந்த போராட்டத்திற் புகாரின் மேற்கொண்ட முறையை இனிக் கூறவேண்டும். டிராட்ஸ்கியும், பின்னர் ஸினோவியேவ், காமெனேவ் ஆகியோரும் இவர் கொள்கையை எதிர்த்தனர். இவர் ஸ்டாலினுடன் சேர்ந்துகொண்டார். வாதத்தால் வெல்லும் ஆற்றல் இவருக்கு நிரம்ப உண்டு. எனினும் வாதத்தோடு நின்றாரில்லை. எதிரிகளின் கூட்டங்கள் கலைக்கப்பட்டபோதும், அவர்தம் எழுத்துக்கள் அச்சேறாது தடுக்கப்பட்டபோதும், 1927-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் கட்சியினின்று நீக்கப்பட்டபோதும், இவர் தம் பேனாவையும் பத்திரிகையையும் அச்செயல்களுக்கே துணையாக்கினார். கட்சியின் ஒற்றுமை என்னும் பெயரால் எதிர்ப்பாளரை அடித்த கோலை, அக்கோல் யார் கையில் உள்ளதென்று நோக்காமலே அவர் எடுத்துக்கொடுத்தார். எண்களும் அக்காலத்திற் கட்சிப் பூசலுக்கு இரையாயின. குடியானவரிடம் உள்ள தானியக் கையிருப்பைப் பற்றி எழுந்த பிணக்கினையடுத்து, மத்தியப் புள்ளிவிவர இலாகாவின் தலைவர் போபோவ் 1926-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பதவியிழந்தார். விலையை நிறுக்கும் தராசே சாய்ந்தபின் வியாபாரம் எவ்வாறு செவ்விதாகும்?

1926-ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் தானியக் கொள்முதல் விலையைக் குறைத்தது. தனியார் தானிய வியாபாரிகளை இரயில் கட்டணத்தாலும் வரியாலும் நசுக்கிற்று. ஆலைப் பண்டங்களின் விலையும் ஆணையாற் குறைக்கப்பட்டது. அதனால் வாங்குவோர் மிகுந்து, பண்டங்கள் கடைக்கு வருமுன்னரே தீர்ந்தன. 1927-ஆம் ஆண்டு இங்கிலாந்து உறவை முறித்துக்கொண்டதால் போர் வருமென்ற வதந்தி வேறு பரவிற்று. குடியானவன் கணக்குப் பார்த்தான். தானியத்தை விற்றாற் கிடைப்பது சிறு தொகை. அத்தொகைக்கு வாங்கக் கடையிற் பொருளில்லை. மாட்டுக்கும் பன்றிக்கும் இட்டால் இறைச்சி நல்ல விலை போகின்றது. வைத்திருந்தாற் பின்னர் விலை உயரலாம். ஆகவே தானியத்தை இருத்திக்கொண்டான். 1927 ஜனவரி வரையில் 42 கோடியே 80 இலட்சம் பூட் தானியம் கொள்முதல் செய்த அரசாங்கத்திற்கு, 1928 ஜனவரி வரையிற் கிடைத்தது 30 கோடி பூட் மட்டுமே. ஒரு பூட் ஏறக்குறைய 16 கிலோகிராம் ஆகும்.

இது விலையில் விளைந்த பிணி. விலையிலேயே அதற்கு மருந்தும் உண்டு. ஆயின் ஒரே கட்சி ஆளும் நாட்டிற் கட்சியின் கணக்குத் தவறிற்று என்று சொல்வார் யார்? தவறு எதிரியின்மேல் ஏற்றப்பட்டது. 1928 ஜனவரியில் ஸ்டாலின் தாமே சைபீரியாவுக்குச் சென்றார். பதுக்கல் வியாபாரத்தைத் தண்டிக்கும் குற்றச்சட்டத்தின் 107-ஆம் பிரிவைத் தானியம் விற்காத குடியானவர்மேல் ஏவுமாறு அதிகாரிகளை நெருக்கினார். தயங்கிய அதிகாரிகள் வேலையிழந்தனர். சந்தைகள் மூடப்பட்டன, வழிகளிற் காவல் வைக்கப்பட்டது, வீடுகள் சோதிக்கப்பட்டன. பறித்த தானியத்திற் கால் பங்கு ஊரிலுள்ள ஏழைகட்கு அளிக்கப்பட்டது. அதனால் அயலான் மேல் அயலான் கோள் சொல்லலானான். அவ்வாண்டு வேண்டிய தானியம் வந்து சேர்ந்தது. ஆனால் ஏழாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த நம்பிக்கை ஒரு மாரிக்காலத்தில் அழிந்தது. அடுத்த பருவத்தில் விதைப்பு சுருங்கியதில் வியப்பில்லை.

புகாரின் இப்பொழுதுதான் விழித்தார். பிரதம மந்திரியாயிருந்த ரைக்கோவும் தொழிற்சங்கத் தலைவர் தோம்ஸ்கியும் அவர் பக்கம் நின்றனர். 1928 ஜூலையிற் கூடிய மத்தியக் கமிட்டியில், குடியானவரிடமிருந்து ஒருவகைக் கப்பம் பெற்றே தொழில்களை வளர்த்தல் வேண்டுமென ஸ்டாலின் வாதித்தார். முன்பு பிரியோபிராஷென்ஸ்கி கூறியதையே அவர் இன்னும் கடுமையாக்கினார் எனலாம். தானிய விலை சிறிது உயர்த்தப்பட்டது, பறிப்பு நிறுத்தப்படும் என்று வாக்களிக்கப்பட்டது, வாக்கு நீடிக்கவில்லை. அந்நாட்களிலேயே புகாரின், முன்பு தாம் துரத்துவதற்குத் துணைநின்ற காமெனேவைத் தனியே கண்டு, ஸ்டாலினைப் பற்றிய தம் அச்சத்தை வெளியிட்டார். செப்டெம்பர் 30-ஆம் நாள் பிராவ்தாவில் பொருளாதார அறிஞன் ஒருவனது குறிப்புக்கள் என்னும் நீண்ட கட்டுரையை எழுதினார். இல்லாத செங்கற்களைக் கொண்டு ஆலை கட்ட இயலாது, தானியமும் தொழிலும் ஒத்து வளரவேண்டும் என்னும் கருத்துக்களை அதில் விளக்கினார். ஸ்டாலினின் பெயரை மட்டும் எழுதவில்லை.

எழுதாதது ஏன் என்று நாம் சிந்தித்தல் வேண்டும். கட்சிக்குள் நடப்பதை வெளியே சொல்வது துரோகம். கட்சிக்குள் ஒத்த கருத்துடையாரைத் திரட்டுவது தனிக்குழு. பத்தாவது மகாநாட்டின் தீர்மானம் இப்பொழுது அவரையே சுற்றி வளைத்தது. இரண்டரைக் கோடிக் குடியானவக் குடும்பங்கள் எவருடைய கொள்கையால் வாழ்ந்தனவோ, அவர் அக்குடும்பங்களை நோக்கி ஒரு சொல் சொல்லவும் வழியில்லை. அவர்கள் அவருக்காக ஒரு வாக்கு அளிக்கவும் வழியில்லை. நாடெங்கும் ஆதரவிருந்தும், அறைக்குள்ளே கைகளை எண்ணியபோது அவர் தனியரானார். அக்கைகளையோ, செயலாளர் பதவியிலிருந்து ஆட்களை நியமித்து வந்த ஸ்டாலின் முன்னரே எண்ணி வைத்திருந்தார்.

1929-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் காமெனேவோடு பேசிய பேச்சு வெளிப்பட்டது. ஏப்ரலிற் பிராவ்தாவும் சர்வதேசச் சங்கத் தலைமையும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டன; நவம்பரிற் பொலிட்பீரோவினின்று நீக்கப்பட்டார். அம்மாத இறுதியில் தம் கருத்துக்கள் தவறென்று எழுதிக் கையொப்பமிட்டார். அடுத்த திங்களில், குலாக்குகளை ஒரு வகுப்பாகவே ஒழித்துவிடும் கொள்கையை ஸ்டாலின் அறிவித்தார். 1930 மார்ச்சுக்குள் குடியானவக் குடும்பங்களிற் பாதிக்கு மேல் கூட்டுப்பண்ணைகளிற் சேர்ந்தனவாகக் கணக்குக் காட்டப்பட்டது. தம் மாடுகளைப் பண்ணைக்குக் கொடுப்பதினும் வெட்டித் தின்பதே மேலென்று பலர் வெட்டினர்; சில ஆண்டுகளில் நாட்டின் குதிரைகள் ஏறக்குறையப் பாதியாயின. தனியார் கடைகள் 1931-ஆம் ஆண்டோடு மறைந்தன. 1932, 1933-ஆம் ஆண்டுகளில் உக்ரேன், கஸாக்ஸ்தான், வோல்கா, வடகாகசஸ் பகுதிகளிற் பஞ்சத்தால் மாண்டோர் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்று ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். பெரும் ஆலைகள் எழுந்தன என்பது உண்மை. அவற்றிற்குக் கொடுத்த விலை இது என்பதும் உண்மை.

சந்தையின் நாடியைப் பார்த்துச் சொல்லவல்ல அறிஞரும் தப்பவில்லை. விலைகளின் நீண்ட ஏற்றத்தாழ்வை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்ற கொந்திராத்தியேவ், சிறு குடியானவன் குடும்பப் பொருளாதாரத்தை ஆராய்ந்த சயானோவ் ஆகிய இருவரும் 1930-ஆம் ஆண்டு சிறைப்பட்டனர்; பின்னர் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

புகாரின் 1934-ஆம் ஆண்டு இஸ்வெஸ்தியா என்னும் அரசாங்க நாளிதழின் பத்திராதிபரானார். 1936-ஆம் ஆண்டின் புதிய அரசியற் சட்டத்தை வரைந்தோருள்ளும் ஒருவராயிருந்தார். ஏட்டிலே பேச்சுரிமையும் கூட்டவுரிமையும் எழுதப்பட்ட அச்சட்டம் அவரைக் காக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் தோம்ஸ்கி தற்கொலை செய்துகொண்டார். 1937 பிப்ரவரி 27-ஆம் நாள் புகாரினும் ரைக்கோவும் கைது செய்யப்பட்டனர். சிறையிலிருந்த ஓராண்டிற்குள் அவர் தத்துவ நூலும், கவிதைகளும், தம் இளமையைக் கதையாக்கிய முற்றுப்பெறாத நாவலும் எழுதினார். 1938 மார்ச்சு 2-ஆம் நாள் தொடங்கிய விசாரணையில், பொதுப்படையாகக் குற்றத்தை ஏற்றுக்கொண்ட அவர், லெனினைக் கொல்ல முயன்றார் என்பது போன்ற கொடிய குற்றச்சாட்டுக்களைத் திட்டமாக மறுத்தார். மார்ச்சு 15-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 49.

கைதாகுமுன், வருங்காலக் கட்சித் தலைவர்க்கென்று ஒரு கடிதம் எழுதி, அதனைத் தம் இளம் மனைவி அன்னா லாரினாவை மனப்பாடம் செய்வித்திருந்தார். எழுத்தில் வைத்தால் ஆபத்தென்று கருதிய அவ்வம்மையார், சிறைகளிலும் முகாம்களிலும் நாடு கடத்தப்பட்ட இடங்களிலும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்தபோது, அதனை நாள்தோறும் நெஞ்சுக்குள் ஓதிக் காத்தார். கைக்குழந்தையாய் விட்டுப் பிரிந்த மகனோ தன் தந்தை யாரென்பதைப் பல்லாண்டுகள் அறியாமலே வளர்ந்தான். 1988 பிப்ரவரியிற் சோவியத் உச்ச நீதிமன்றம் புகாரினைக் குற்றமற்றவரென்று அறிவித்தது. கூட்டுறவுத் தொழில்களுக்கு மீண்டும் இடமளிக்கும் சட்டம் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. ஆயின் காலம் கடந்துவிட்டது. 1991-இல் அவ்வரசாங்கமே கலைந்தது.

ஒரு கட்சி ஆட்சியிற் சந்தை ஒருபோதும் நிலையாது என்று நாம் கூறவரவில்லை. புகாரின் செல்வாக்கோடிருந்த 1926-ஆம் ஆண்டில் மாஸ்கோவிற் பயின்ற சீன இளைஞருள் ஒருவராகிய டெங் சியாவோபிங், 1978-க்குப் பின் தம் நாட்டிற் குடும்பந்தோறும் நிலத்தை ஒப்படைத்து, சந்தையைத் திறந்து, அதனை நிலைநிறுத்தியும் சென்றார். கோடிக்கணக்கானோர் வறுமையினின்று மீண்டனர். எனினும், அச்சீர்திருத்தத்தில் அவருக்கு வலக்கையாயிருந்த சாவ் சியாங், 1989-ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சியை அடக்கப் படையேவுதற்கு உடன்படாமையாற் பதவியிழந்து, 2005-ஆம் ஆண்டு இறக்கும் வரை வீட்டுக்காவலில் இருந்தார். சந்தை அங்கே நிலைத்தது. நிலைக்கவேண்டுமென்று ஆள்வோர் விரும்பினமையால் நிலைத்தது. விருப்பம் மாறுங்கால் அதனைத் தடுக்க யாதுளது என்னும் வினா அங்கும் விடையின்றியே நிற்கின்றது.

புகாரின் குடியானவன் நலமே நாட்டின் நலம் என்று கண்டார்; அது பேரறிவு. அதனை அஞ்சத்தக்க காலத்திலும் எழுதினார், அது துணிவு. ஆனால் தம் கொள்கைக்கு மாறுபட்டவர் பேசும் உரிமையைத் தம் கொள்கையின் காவலாக அவர் கருதினாரில்லை. எதிரி நிற்கும் மேடையை உடைத்தவர், தமக்கு வேண்டியபோது நிற்க மேடை இன்றித் தவித்தார். விலையைக் குறித்து ஒருவன் உண்மை சொல்லவேண்டுமாயின், விலையை விதித்தவனைக் குறித்தும் அவன் உண்மை சொல்ல இயலுதல் வேண்டும். இவ்விரு உரிமைகளையும் பிரித்து, ஒன்றை மட்டும் வழங்கலாமென்று எண்ணுவோர் எந்நாட்டில் தோன்றினும், அவர்கள் படித்தற்குரியது இவர் வாழ்க்கை.